சமஉயரக் கோடே விழாத வடசென்னையில் சமஉயரக் கோட்டை எப்படிக் கற்பிப்பது?

#1 வண்ணை டீச்சர்

சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கும் கல்லூரிப் புவியியல் துறையில் இருப்பவர்களுக்கும் ஒரு கேள்வி.

வடசென்னைக் கடலோரம் வருகிற டோப்போஷீட் (நில அளவைத் துறையின் நிலத்தோற்ற வரைபடத் தாள்) 66 சி/8. அளவை 1:50,000. சமஉயரக் கோடு என்பது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு; இந்தத் தாளில் கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயர இடைவெளி. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நிலம் முழுக்க 20 மீட்டருக்குக் கீழே இருப்பதால் தாளில் ஒரு சமஉயரக் கோடுகூட விழவில்லை. பாடப்புத்தகப் படத்தில் இருப்பதோ கூம்பு மாதிரி ஒரு மலை. பிள்ளைகள் அதைப் பார்த்து வரைந்துவிடுகிறார்கள், மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் “உங்கள் தெருவில் எது மேடு, எது பள்ளம்?” என்று கேட்டால் அதற்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தம் இருப்பதாகவே நினைப்பதில்லை. மழை வந்தால் எந்த வீட்டுக்குள் முதலில் தண்ணீர் ஏறும் என்று மட்டும் துல்லியமாகச் சொல்கிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பு, 44 பேர், 45 நிமிட பீரியட். ஹைடெக் லேபில் கணினி இருக்கிறது. கூகுள் எர்த்தில் உயரம் பார்க்க வைத்தால் போதுமா? இல்லை வேறு வழி உண்டா?

#2 மட்டக்கோல்

டீச்சர், கூகுள் எர்த்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். காரணத்தைக் கல்லூரிப் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். உங்களுக்கு வேண்டியது கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூப். அஸ்திவாரம் போடும்போது நாலு மூலையையும் சமம் பார்ப்பது இதை வைத்துத்தான். தட்டையான ஊரில் ஒரு சென்டிமீட்டர் ஏற்றத்தையும் இது காட்டிக் கொடுக்கும்.

ஒரு செட்டுக்கு வேண்டியவை: உள்விட்டம் 8 மி.மீ. உள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப் 15 மீட்டர், ஒன்றரை மீட்டர் நீளத்தில் நேரான இரண்டு கோல்கள் (பிவிசி பைப்பும் சரி, ரீப்பர் கட்டையும் சரி), தையல்காரர் டேப் இரண்டு, ரப்பர் பேண்ட், ஒரு வாளி, 30 மீட்டர் டேப் ஒன்று. கோலின் அடியிலிருந்து 0 தொடங்கும்படி தையல் டேப்பை ஒட்டவும். டியூப்பின் இரு முனைகளையும் கோலோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போடவும்.

தண்ணீர் ஏறத்தாழ 700 மில்லி பிடிக்கும். அதில் சொட்டு நீலம் இரண்டு சொட்டு விட்டால் மட்டம் தெளிவாகத் தெரியும். வாளியை மேசை மேல் வைத்து, ஒரு முனையை அடிவரை விட்டு, மறுமுனையில் உறிஞ்சித் தண்ணீரை மெதுவாக ஓட விடுங்கள். வேகமாக ஊற்றினால் குமிழ் சிக்கும். நீலத்தைப் பிறகு விடுங்கள், உறிஞ்சும்போது வாய்க்கு வரக்கூடாது.

வேலை தொடங்குமுன் ஒரே ஒரு சோதனை. இரு கோல்களையும் அருகருகே சமதரையில் நிறுத்துங்கள். இரண்டு மட்டமும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் உள்ளே குமிழ் இருக்கிறது, இல்லையேல் ஒட்டிய டேப் ஏறி இறங்கி இருக்கிறது.

அளக்கும் முறை: பள்ளி கேட் படியை 10.000 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது நாமாக வைப்பது, கடல்மட்டம் அல்ல; பிள்ளைகளிடம் இதை அழுத்திச் சொல்லவும். முதல் கோல் கேட் படியில், இரண்டாவது கோல் 12 மீட்டர் தள்ளித் தெருவில். தண்ணீர் ஆடி நின்றபின் இருபக்கமும் படிக்கவும். கேட்டில் 92.4 செ.மீ., தெருவில் 104.9 செ.மீ. என்றால் தெரு 12.5 செ.மீ. தாழ்வு, அங்கே உயரம் 9.875 மீட்டர். எண் பெரிதானால் நிலம் பள்ளம். இந்தத் தலைகீழ் புரிவதற்கு முதல் நாள் கொஞ்சம் நேரம் பிடிக்கும், விட்டுப் பிடியுங்கள்.

அடுத்து இரண்டாவது கோல் அசையக் கூடாது. முதல் கோலை இரண்டாவதைத் தாண்டி எடுத்துப் போய் அடுத்த 12 மீட்டரில் வைக்க வேண்டும். இப்படித் தவளை தாண்டுகிற மாதிரி மாற்றி மாற்றி. 300 மீட்டர் தெருவுக்கு 25 நிறுத்தம், நிறுத்தத்துக்கு 2 நிமிடம். இரண்டு பீரியட் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

#3 கொசஸ்தலை

மட்டக்கோல் சார், தவளைத் தாண்டல் எதற்கு? ஒரே ஆள் எப்போதும் பின்னால், மற்றவர் எப்போதும் முன்னால் என்று நகர்ந்தால் குழப்பம் குறையுமே.

#4 மட்டக்கோல்

குழப்பம் குறையும், பிழை கூடும். ஒரு கோலில் தையல் டேப் 3 மி.மீ. தள்ளி ஒட்டப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோல் எப்போதும் பின்னாலேயே நின்றால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதே 3 மி.மீ. அதே திசையில் சேரும். 25 நிறுத்தத்தில் 7.5 செ.மீ. நாம் தேடுகிற சரிவே அவ்வளவுதான் இருக்கும். மாற்றி மாற்றி வைத்தால் ஒரு நிறுத்தத்தில் கூடியது அடுத்ததில் கழிந்துவிடும். அதனால் நிறுத்தங்களின் எண்ணிக்கையை இரட்டைப்படையில் முடிப்பது நல்லது. 25 வந்தால் கடைசி நீளத்தை இரண்டாகப் பிரித்து 26 ஆக்குங்கள்.

பிள்ளைகள் கையில் அதிகம் நடக்கிற தவறு வேறு. நகரும்போது தண்ணீர் கொட்டாமல் இரு முனையையும் கட்டைவிரலால் அடைப்பார்கள். படிக்கும்போது ஒருவர் விரலை எடுக்க மறந்துவிடுவார். காற்று அடைபட்ட பக்கம் தண்ணீர் தன் மட்டத்துக்கு வராது. “விரல் எடுத்தாச்சா?” என்று இருபக்கமும் கேட்டு, பதில் வந்தபின்தான் படிக்க வேண்டும். தண்ணீர் டியூப் ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்து நிற்கும். குழியின் அடியைப் படிக்கவும், இருபக்கமும் அப்படியே.

வெயிலும் ஒரு கை பார்க்கும். தரையில் கிடக்கும் நீளம் சூடானால் பெரிதாகக் கெடுதல் இல்லை. செங்குத்தாக நிற்கும் பகுதிதான் முக்கியம். ஒரு கோல் சுவர் நிழலிலும் மற்றது நேர் வெயிலிலும் நின்று இரண்டுக்கும் 10 டிகிரி வித்தியாசம் வந்தால் ஒரு மீட்டர் உயரத் தண்ணீரில் ஏறத்தாழ 3 மி.மீ. பொய் சொல்லும். காலை முதல் இரண்டு பீரியடே இதற்குச் சரி.

கடைசியாக, போன வழியே திரும்பி அளந்துகொண்டு கேட் படிக்கு வந்து சேருங்கள். 10.000 கிடைக்காது. 10.014, 9.988 என்று ஏதாவது வரும். 2 செ.மீ.க்குள் என்றால் அதை நிறுத்தங்களுக்குச் சமமாகப் பங்கிட்டுத் திருத்தவும். அதற்கு மேல் என்றால் மறுபடி அளக்க வேண்டியதுதான். அளவை என்றால் பிழையும் சேர்ந்ததுதான் என்று பிள்ளைகள் தம் கையால் அறிவது இந்த இடத்தில். என்னைக் கேட்டால் மொத்தப் பாடத்திலும் இதுதான் விலை உயர்ந்த பகுதி.

#5 தொலையுணர்வு

கல்லூரிப் பக்கத்திலிருந்து. கூகுள் எர்த் உயரத்தை வடசென்னையில் ஏன் நம்பக்கூடாது என்று சொல்கிறேன். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்களிலும் இந்தத் தவறு வருகிறது.

இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் அதிகம் பயன்படுவது எஸ்ஆர்டிஎம். விண்வெளி ஓடத்திலிருந்து 2000 பிப்ரவரியில் 11 நாட்களில் ரேடாரால் எடுத்தது. ஒரு பிக்சல் ஏறத்தாழ 30 மீட்டர். முதல் சிக்கல்: ரேடார் அலை தரையைத் தொடுவதற்கு முன் கூரையிலும் மரத்திலும் பட்டுத் திரும்பும். பழைய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை மாதிரி நெருங்கிக் கட்டிய பகுதியில் 30 மீட்டர் சதுரத்துக்குள் நாலைந்து மாடி வீடும் ஒரு சந்தும் சேர்ந்தே இருக்கும். வருவது அவற்றின் கலவை. இரண்டாவது சிக்கல்: அந்தக் கோப்பில் உயரம் முழு மீட்டரில்தான் பதிவாகியிருக்கிறது. தெருவின் மொத்த ஏற்றத்தாழ்வே 40 செ.மீ. என்றால் அது அந்தக் கோப்பில் இருக்க வழியே இல்லை. மூன்றாவது, காமராசர் துறைமுகம் 2001-ல்தான் செயல்படத் தொடங்கியது. எண்ணூர்ப் பக்கம் அதற்குப் பிறகு கொட்டிய மண்ணும் சாம்பலும் இந்தத் தரவில் வராது.

இதை வைத்து வியாசர்பாடிக்கோ புளியந்தோப்புக்கோ “வெள்ள அபாய வரைபடம்” போட்டால் வண்ணம் அழகாக வரும். ஆனால் அந்த வண்ணம் சொல்வது மாடி வீடு எங்கே அதிகம் என்பதைத்தான். தண்ணீர் எங்கே தேங்கும் என்பதை அல்ல.

இளங்கலை மாணவர்களுக்கு நல்ல பயிற்சி இது: ஒரே தெருவுக்கு டியூப்பில் எடுத்த குறுக்குவெட்டையும் எஸ்ஆர்டிஎம் குறுக்குவெட்டையும் ஒரே தாளில் வரையச் சொல்லுங்கள். ஏன் பொருந்தவில்லை என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். தொலையுணர்வின் வரம்பு ஒரு செமஸ்டர் விரிவுரையைவிட இதில் நன்றாகப் புரியும்.

#6 கொசஸ்தலை

இதோடு தொடர்புடைய ஒன்று. போனில் ஜிபிஎஸ் ஆப் திறந்து காசிமேட்டுக் கரையில் நின்றால் சில ஆப்களில் உயரம் மைனஸ் 80-க்கும் கீழே காட்டுகிறது. மாணவர்கள் போன் கெட்டுவிட்டது என்கிறார்கள். இதை எப்படி விளக்குவது?

#7 தொலையுணர்வு

போன் கெடவில்லை. ஜிபிஎஸ் உயரத்தைக் கணக்கிடுவது பூமியைச் சுற்றிக் கற்பனையாக வரைந்த வழுவழுப்பான நீள்கோளத்திலிருந்து. நிஜக் கடல்மட்டம் அந்தக் கோளத்தோடு எல்லா இடத்திலும் ஒட்டி இருக்காது. பூமிக்குள் நிறை சமமாகப் பரவவில்லை என்பதால் ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது, கடல்மட்டமும் அதற்கேற்ப மேடுபள்ளமாகிறது. உலகிலேயே ஆழமான பள்ளம் நமக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, 100 மீட்டருக்கும் மேல் தாழ்வு. சென்னையும் அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் உட்கார்ந்திருக்கிறது. திருத்தம் செய்யாத ஆப் அதை அப்படியே காட்டுகிறது, திருத்தம் செய்யும் ஆப் கடல்மட்டத்துக்கு மாற்றிக் காட்டுகிறது. இரண்டு ஆப்களையும் அருகருகே காட்டிப் பாடம் நடத்துங்கள். ‘ஜியாய்டு’ என்ற சொல்லை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

திருத்தினாலும் போன் உயரத்தில் பத்து மீட்டர் வரை ஆட்டம் இருக்கும். தெருவின் மேடு பள்ளத்துக்கு அது உதவாது.

#8 எண்ணூர் முகத்துவாரம்

டியூப் கிடைக்காத பள்ளிக்கு ஒரு வழி. தேங்கிய மழைநீரின் விளிம்பே ஒரு சமஉயரக் கோடு. அந்த விளிம்பில் எங்கே கால் வைத்தாலும் ஒரே உயரம்.

மழை விட்ட பிறகு மைதானத்தில் குட்டை நிற்கும். விளிம்பைச் சுற்றி அரை மீட்டருக்கு ஒன்றாகச் சிறு கற்கள் அடுக்கவும். சாக்பீஸ் ஈரத்தில் எழுதாது, சுண்ணாம்பு கரைந்துவிடும், கல்தான் சரி. குட்டை நடுவில் ஒரு ஸ்கேலை நட்டு வைத்து, தண்ணீர் 1 செ.மீ. வற்றியதும் அடுத்த சுற்றுக் கல். நாலைந்து சுற்று சேர்ந்ததும் மாடியிலிருந்து ஒரு போட்டோ. ஒன்றுக்குள் ஒன்றாகக் கோடுகள் விழுந்திருக்கும். எங்கே கல்வரிசைகள் நெருங்குகின்றனவோ அங்கே சரிவு அதிகம், எங்கே விலகுகின்றனவோ அங்கே தட்டை. பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்கிற வரி இதுதான், இங்கே காலடியில் கிடக்கிறது. கோடுகள் ஏன் ஒன்றையொன்று வெட்டாது என்பதையும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

#9 மட்டக்கோல்

அருமையான வழி. இரண்டு திருத்தம் மட்டும்.

தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். வடிகாலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும் நீரின் மேற்பரப்பு சமமாக இருக்காது, விளிம்பும் சமஉயரம் ஆகாது. தெருவில் தேங்கும் நீரில் இதைச் செய்தால் பெரும்பாலும் பிழைதான் வரும்.

அதைவிட முக்கியம் உடம்பு. தெருத் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. மின்சாரப் பெட்டி பக்கத்தில் நிற்கும் நீருக்கு அருகே பிள்ளைகளை விடவே கூடாது. பள்ளி மைதானம், சுத்தமான மழைநீர், வெளிவிளிம்பில் நின்று கல் வைப்பது. அவ்வளவே.

மழை இல்லாத மாதத்தில் பிளாஸ்டிக் டப்பில் களிமண் மேடு வைத்து 1 செ.மீ. கணக்கில் தண்ணீர் ஏற்றி, ஒவ்வொரு விளிம்பிலும் குச்சி செருகினால் அதே பாடம்.

#10 வண்ணை டீச்சர்

ரொம்ப நன்றி. 44 பேரை எப்படிப் பிரிப்பது? மிச்சம் இருப்பவர்கள் சும்மா நிற்கக்கூடாது. அளந்த பிறகு தாளில் வரையும்போது தெரு வெறும் நேர்கோடாகத்தானே தெரியும்?

#11 மட்டக்கோல்

ஒரு செட்டுக்குக் கோல் பிடிக்க 2, படிக்க 2, எழுத 1, டேப் பிடிக்க 2. ஆக 7. மூன்று செட் இருந்தால் 21. மற்ற 23 பேருக்கு வேறு வேலை இருக்கிறது, இதைவிட முக்கியமானது என்றும் சொல்லலாம்: வாசற்படி எடுக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டு வாசற்படியும் அதன் எதிரே உள்ள சாலையைவிட எத்தனை செ.மீ. மேலே அல்லது கீழே? ஒரு நேர்க்கட்டை, ஒரு ரசமட்டம், ஒரு ஸ்கேல் போதும். கட்டையைப் படியில் வைத்துச் சாலை மேல் நீட்டி, ரசமட்டத்தில் குமிழை நடுவில் நிறுத்தி, கட்டையின் அடியிலிருந்து சாலை வரை ஸ்கேலால் அளக்கவும். படி சாலைக்குக் கீழே இருந்தால் கட்டையைச் சாலையில் வைத்துப் படியின் மேல் நீட்டி அதே போல. வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு அளக்கச் சொல்லுங்கள். வடிகால் மூடியின் மேல்மட்டத்தையும் எடுக்கலாம். மூடியைத் திறக்கக் கூடாது.

பழைய தார்ச்சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, பல தெருக்களில் வீடு தாழ்ந்து சாலை உயர்ந்துவிட்டது. இந்த நிலத்தோற்றத்தை ஆறும் காற்றும் செய்யவில்லை. மனிதன் செய்த நிலத்தோற்றம் என்று பாடத்தில் வருமே, அதை வாசற்படியில் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. தார்ச்சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். நூற்றுக்கு இரண்டு, இரண்டரை சரிவு. 6 மீட்டர் அகலச் சாலையில் நடுவுக்கும் ஓரத்துக்கும் 6 முதல் 7.5 செ.மீ. வித்தியாசம். ஒரு நிறுத்தம் நடுவிலும் அடுத்தது ஓரத்திலும் வைத்தால் தெருவே அலை அலையாக வரும். ஒரே பக்க ஓரத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள். கண்டெய்னர் லாரி போகும் எண்ணூர் நெடுஞ்சாலை, மணலி சாலை பக்கம் வேண்டாம், உட்தெரு மட்டும்.

வரைவதற்கு: 300 மீட்டரை 30 செ.மீ.யில் வையுங்கள், அதாவது 1:1000. உயரத்துக்கு 60 செ.மீ.யை 12 செ.மீ.யில், அதாவது 1:5. இப்போது உயரம் 200 மடங்கு மிகைப்பட்டுத் தெரியும். தாளின் மூலையில் “செங்குத்து மிகைப்படுத்தல் 200 மடங்கு” என்று பிள்ளையே எழுத வேண்டும். எழுதாவிட்டால் வண்ணாரப்பேட்டையில் மலை இருப்பதாகத்தான் படம் சொல்லும்.

#12 தொலையுணர்வு

கல்லூரியில் இதையே கணினியில் வரைபடம் போடும் கியூஜிஐஎஸ்-க்கு எடுத்துப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மென்பொருள் இலவசம், தமிழில் தரவு அட்டவணையும் ஏற்கும்.

முதலில் ஆயத்தொலை முறை. சென்னைக்கு, இடத்தை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் 44 வடக்கு; மென்பொருளில் அதைத் தேர்ந்தெடுக்கும் இபிஎஸ்ஜி எண் 32644. அட்ச, தீர்க்க டிகிரியிலேயே விட்டால் தூரமும் பரப்பும் டிகிரியில் வந்து நிற்கும். மாணவர் அதை மீட்டர் என்று நினைத்து எழுதிவிடுவார்.

இரண்டாவது, புள்ளிகளின் இடம். குறுகிய சந்தில் போன் ஜிபிஎஸ் ஐந்து பத்து மீட்டர் தாவும், எதிர் வீட்டு மாடியில் புள்ளி விழும். தெரு முனையைப் படத்தில் குறித்துவிட்டு அங்கிருந்து டேப் தூரத்தைக் கொண்டு புள்ளிகளை வைப்பதே மேல்.

மூன்றாவது, இடைமதிப்பு, அதாவது அளந்த புள்ளிகளுக்கு நடுவே உள்ள உயரத்தை மென்பொருள் கணக்கிடுவது. ஐடிடபிள்யூ (அருகில் உள்ள புள்ளிக்கு அதிக எடை தரும் முறை) போட்டால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வட்டம் வட்டமாகக் கோடு விழும். அப்படி ஒரு மேடு நிலத்தில் கிடையாது, கணக்கு முறை உண்டாக்கியது. புள்ளிகளை முக்கோணங்களாக இணைக்கும் டின் (TIN) முறை பரவாயில்லை. ஆனால் எந்த முறையும் இரண்டு தெருக்களுக்கு நடுவே உள்ள வீட்டு வரிசை வழியாகக் கோட்டை இழுத்துவிடும். அங்கே நாம் அளக்கவே இல்லை. அளக்காத பகுதியை வெட்டி நீக்கிவிட்டுத் தெருவுக்குள் மட்டும் வண்ணம் காட்டச் சொல்லுங்கள். கோடு குறைந்தால் மதிப்பெண் குறையும் என்ற பயத்தை ஆசிரியர்தான் போக்க வேண்டும்.

#13 கொசஸ்தலை

10.000 என்று நாமாக வைத்த உயரத்தைக் கடல்மட்டத்தோடு இணைக்க முடியுமா? திருவொற்றியூரில் கடல் பக்கத்திலேயே இருக்கிறதே.

#14 எண்ணூர் முகத்துவாரம்

தோராயமாக முடியும். அலை குறைந்த நாளில் நீர்விளிம்பு மேலேறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் பத்து நிமிடம் குறித்து, நடுவை எடுத்து, அங்கிருந்து டியூப்பால் மேலே வரலாம். நேரத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி இங்கே கடலின் ஏற்றவற்றம் (ஓதம்) ஒரு மீட்டர் அளவுக்கு இருக்கும். நேரம் எழுதாத அளவு அந்த ஒரு மீட்டருக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஓத அட்டவணையின் பூஜ்யம் சராசரிக் கடல்மட்டம் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. கப்பல் தரை தட்டாமல் இருக்க அதைத் தாழ்நீர் மட்டத்தில் வைத்திருக்கிறார்கள். கடற்கரையில் கற்சுவர் போட்ட இடத்தில் வேண்டாம், பாறை வழுக்கும்.

செயற்கைக்கோள் படத்தில் கரைக்கோடு ஒப்பிடுகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். கரைச் சரிவு பத்துக்கு ஒன்று என்றால் ஒரு மீட்டர் ஓதம் நீர்விளிம்பைப் பத்து மீட்டர் நகர்த்திவிடும். சென்டினல்-2 படத்தில் அது முழுதாக ஒரு பிக்சல். துறைமுகச் சுவரால் தெற்கே மெரினா வளர்ந்ததும் ராயபுரத்துக்கு வடக்கே கரை அரித்ததும் பல பிக்சல் அளவுக்கான நிஜம். இரண்டு வருடத்தில் ஒரு பிக்சல் என்று காட்டி “அரிப்பு” என எழுதுவதற்கு முன் அந்த இரண்டு படங்களின் ஓத நேரத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

#15 வண்ணை டீச்சர்

ஆகஸ்ட் கடைசியில் தொடங்கலாம் என்றிருக்கிறேன். காலாண்டுத் தேர்வுக்கு முன் அளந்து முடிக்க வேண்டும். கேட் படியை ஆரம்பப் புள்ளியாக வைக்கலாமா?

#16 மட்டக்கோல்

ஆகஸ்ட் சரி. மழை அக்டோபரில் வந்துவிடும், அதற்குள் எந்த வாசற்படிக்கு முதலில் தண்ணீர் வரும் என்று பிள்ளைகள் தங்கள் படத்தைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டு உங்களிடம் கொடுத்துவிடட்டும். நவம்பரில் எடுத்துச் சரிபார்க்கலாம். தவறிய இடங்களை விடாதீர்கள். பெரும்பாலும் அங்கே வடிகால் அடைத்திருக்கும், இல்லையேல் பக்கத்துத் தெரு நீர் திரும்பி வந்திருக்கும்.

நான் முன்பு உதாரணத்துக்குச் சொன்ன கேட் படி வேண்டாம், வண்டி ஏறி இறங்கிச் சிமென்ட் பூசுவார்கள். கொடிமர மேடையின் கீழ்ப்படியில் பெயின்ட்டால் சின்ன முக்கோணம் போட்டு, பக்கத்தில் 10.000 என்றும் தேதியும் எழுதுங்கள். எந்த மூலையில் கோல் வைத்தீர்கள் என்று நோட்டில் ஒரு படமும் வரைந்து வையுங்கள். அடுத்த வருட வகுப்பு அதே புள்ளியிலிருந்து தொடங்கினால்தான் இடையில் சாலை எத்தனை சென்டிமீட்டர் ஏறியது என்று சொல்ல முடியும். வேலை முடிந்ததும் டியூப்பைக் காலி செய்து நிழலில் சுருட்டி வைக்கவும்; தண்ணீரோடு விட்டால் பத்து நாளில் உள்ளே பாசி பிடித்து மட்டம் தெரியாது.